கிரிஸ்பர் சிகிச்சை: எந்தத் தளத்தை நம்புவது?

அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கு, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் சிகிச்சை வந்துவிட்டதா, சோதனையில்தான் இருக்கிறதா, இணையப் பக்கங்கள் ஆளுக்கொன்று சொல்கின்றனவே, கருத்தரங்கில் பேச எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். வந்துவிட்டது. காஸ்கெவி என்று பெயர். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏவும் அனுமதி கொடுத்தன.

நீங்கள் பார்த்த பக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் தேதிதான். 2021-ல் எழுதியதும் 2024-ல் எழுதியதும் தேடலில் அடுத்தடுத்து வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஒரே நிறுவனத்தின் செய்திக்குறிப்பைப் பத்துத் தளங்கள் அப்படியே போட்டிருக்கும். அது பத்து ஆதாரம் ஆகாது.

இனி இப்படித் தேடிப் பாருங்கள்:

1. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் நோயின் ஆங்கிலப் பெயரோடு கிரிஸ்பர் என்பதையும் சேர்த்துத் தேடி, வடிகட்டியில் 'ரிவ்யூ' (பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை), 'இலவச முழுக் கட்டுரை' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். தனித்தனி ஆய்வுகளில் மூழ்குவதைவிட, சமீபத்திய ரிவ்யூ ஒன்றை முழுதாகப் படிப்பது மேல். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலே அடுத்து எங்கே போகலாம் என்று காட்டிவிடும்.

2. அடிப்படையே புரியவில்லையா? அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐயின் புக்‌ஷெல்ஃபில் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன.

3. சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளம். அப்புறம் அனுமதி விவரத்துக்கு எஃப்டிஏ தளம்.

ஒன்று மட்டும் கவனம். பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை சரியாகிவிடாது. திரும்பப் பெறப்பட்டவையும் அதில் உண்டு, அந்த அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். பயோஆர்கைவ் என்ற தளத்தில் வருபவை சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்காத முன்வரைவுகள். படிக்கலாம், ஆனால் கருத்தரங்கில் முடிந்த முடிவாகச் சொல்லிவிடாதீர்கள்.