வாசகர் கேள்வி பதில்: மாகாணத்துக்காக மட்டை பிடித்தவர்கள்

மருத்துவம் படிக்கும் என் மகள் முதல் சில ஆண்டுகளை டப்ளினில் முடித்துவிட்டு இப்போதுதான் பினாங்கு திரும்பியிருக்கிறாள். அங்கே ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டம் பார்த்தாளாம். மாகாணங்களுக்கு இடையே பெரிய கோப்பை ஒன்று இருந்தது என்கிறாள். அது நம் ஹாக்கி மாதிரியா?
- ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

மட்டை இருக்கிறது, அதோடு ஒற்றுமை முடிந்தது அம்மா. ஹாக்கியில் பந்து ஆட்டக்காரர் கையில் பட்டால் விசில் ஊதிவிடுவார்கள். இங்கே தரையில் கிடக்கும் பந்தை மட்டையால் கிளப்பிக் கையில் பிடிக்கலாம், பிடித்தபடி நாலு அடி வைக்கலாம், அப்புறம் மட்டை நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டே ஓடலாம், பறந்து வருவதை அப்படியே விளாசலாம். பக்கத்துக்கு 15 பேர். கோலின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் 3.

உங்கள் மகள் சொன்னது ரயில்வே கோப்பை. ரயில் கம்பெனி கொடுத்த கோப்பை என்பதால் அந்தப் பெயர். 1927-இல் தொடங்கியது. அயர்லாந்தின் 32 கவுண்டிகளும், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகளும், மன்ஸ்டர், லென்ஸ்டர், கொனாட், அல்ஸ்டர் என்று 4 மாகாணங்களுக்குள் அடங்கும், ஆகவே ஒரு சீசன் என்பதே பெரும்பாலும் மூன்று ஆட்டம்தான், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. இறுதி பல காலம் மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில், டப்ளின் குரோக் பார்க் திடலில் நடந்தது. அயர்லாந்தின் சொந்தக் காற்பந்தான கேலிக் காற்பந்தின் இறுதியும் அதே நாளில் அங்கேயேதான். 1954-இல் வந்த கூட்டம் 49,023 பேர்!

எனக்கு இதில் மனசைத் தொடுவது வேறு. கார்க், டிப்பரரி இரண்டும் மன்ஸ்டர் கவுண்டிகள், ஹர்லிங்கில் பரம வைரிகள். அந்த ஆட்டக்காரர்கள் மார்ச் மாதம் ஒரே சட்டை போட்டு, ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து ஆடிவிட்டு, சில மாதத்தில் மறுபடி எதிரெதிரே நிற்பார்கள். கார்க் வீரர் கிறிஸ்டி ரிங் மன்ஸ்டருக்காக 18 ரயில்வே கோப்பைப் பதக்கம் வாங்கினார். இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மட்டையை அவ்வளவு வேகமாக வீசினால் மண்டை உடையாதா?
- ஒரு வாசகர், செந்தூல்

அடிபடும்தான். 2010 முதல் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

நம் மலேசியக் கிண்ணம் இன்னும் நடக்கிறது. அவ்வளவு கூட்டம் வந்த அந்தக் கோப்பை ஏன் மங்கிப்போனது?
- ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

நல்ல கேள்வி. மாநிலங்கள் மோதும் நம் காற்பந்துப் போட்டியான மலேசியக் கிண்ணமும் வெளியார் கொடுத்ததுதான், 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல்காரர்கள் கொடுத்தார்கள். ஆனால் சிலாங்கூர், பேராக், பினாங்கு என்று சொல்லும்போதே நமக்கு நெஞ்சில் ஒரு சூடு வருகிறது இல்லையா, அயர்லாந்துக்காரருக்கு அந்தச் சூடு கவுண்டியிடம்தான் இருக்கிறது, மாகாணத்திடம் இல்லை. பிடித்த வீரர்களைப் பார்க்க வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தவரை போனார்கள். 1960-களில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, பிறகு 1970-களில் பிறந்த அகில அயர்லாந்து மன்றப் போட்டி, அதாவது சொந்த ஊர்க் குழுக்கள் மோதும் போட்டி, நாளடைவில் அந்த மார்ச் 17-ஐயே எடுத்துக்கொண்டது. தேதி போனதுதான் பெரிய அடி என்பேன். தேதி இல்லாத திருவிழாவுக்கு யார் வருவார்கள்? 2003-இல் ஹர்லிங் இறுதியை ரோம் நகருக்கே கொண்டுபோய் நடத்திப் பார்த்தார்கள். சொந்த ஊரில் கலைந்த கூட்டம் அங்கே எப்படிக் கூடும், சொல்லுங்கள்.

மாகாணத்திடம் சூடு இல்லை என்றேனே, அதற்கு ஓர் இடம் மட்டும் விலக்கு. கொனாட் மாகாணத்தில் ஹர்லிங்கில் பலமான கவுண்டி கால்வே ஒன்றுதான், அதனால் கொனாட் அணி என்றாலே ஏறக்குறைய கால்வே அணி. பக்கத்தில் சரியான போட்டி இல்லாமல் தவித்தவர்களுக்கு மன்ஸ்டர், லென்ஸ்டரோடு மோத இந்தக் கோப்பை ஒரு வாசல். இருபது வருஷம் காத்திருந்து 1947-இல் முதல் தடவையாக அதைத் தூக்கினார்கள், அதுவும் மன்ஸ்டரை வீழ்த்தி.