சுழலும் ஆயுதத்துக்கு எத்தனை பல்? ரோபோவார் கேள்வி-பதில்

கே: ரோபோக்கள் ஒன்றையொன்று அடித்து மோதும் ரோபோவார் போட்டியில், 15 கிலோ எடைப் பிரிவில் முதல்முறை இறங்குகிறோம். ஆயுதமாக எதை வைக்கலாம்? கீழிருந்து மேல்நோக்கி அடிக்கும் உருளையான டிரம்மா, படுக்கைவாட்டில் சுழலும் நீளப் பட்டையான பாரா?

டிரம். பார் அடிப்பதைப் பார்க்க அழகுதான். ஆனால் எதிராளி வாங்கும் அதே உதையை உங்கள் ரோபோவும் வாங்கும். அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் போட்டியில் 2016இல் பட்டம் வென்ற டூம்ஸ்டோன் என்ற பார் ரோபோவே, பலமாக ஓர் அடி கொடுத்தால் தானும் பம்பரமாகத் தெறித்து ஓடும். டிரம்மில் அந்த உதை கீழ்நோக்கி வரும், தரை தாங்கிக்கொள்ளும்.

கே: சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கில் நான்கு பல் வைத்தோம். வெட்டாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் சுழலும் வேகத்தைக் கூட்டலாமா?

கூட்டினால் இன்னும் மோசமாகும். கணக்கு போட்டுப் பாருங்கள். டிஸ்க் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100. உங்கள் ரோபோ நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆக ஒரு சுற்று முடிவதற்குள் 30 மில்லிமீட்டர் முன்னேறும். ஒரே பல் இருந்தால் அவ்வளவு ஆழமும் கடிக்க இடமுண்டு. நான்கு பல் என்றால் ஏழரை மில்லிமீட்டர்தான். எதிராளியின் தகடு சரிவாக இருந்துவிட்டால் அதுவும் கிடைக்காது, பொறி மட்டும் பறக்கும். மூன்று பல்லை எடுத்துவிடுங்கள். ஒற்றைப் பல்லுக்கு நேரெதிரே அதற்கு ஈடான எடை வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அதிர்விலேயே பேரிங் போய்விடும். அப்புறம், சுழலும் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதும் உண்மைதான். ஆனால் கடிக்காத பல்லில் அந்த ஆற்றல் இருந்து என்ன பயன்?

கே: டிரம் ஓடும்போது திரும்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. மோட்டார் கோளாறா?

இல்லை, கைரோ விளைவு. வேகமாகச் சுழலும் எடையை வெடுக்கென்று திருப்பினால் ரோபோ பக்கவாட்டில் சாயத்தான் செய்யும். சக்கரங்களுக்கு இடையே அகலத்தைக் கூட்டுங்கள். ஓட்டுபவருக்கு மெதுவாகத் திருப்பப் பழக்குங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

கே: சுத்தியல் எப்படி?

கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும். எதிராளிக்கும் பிடிக்கும். டிரம், டிஸ்க் போன்ற சுழலும் ஆயுதம் பல நொடி சுற்றி ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். சுத்தியலுக்குக் கிடைப்பது அரைச் சுற்றுதான்.

கே: விடுதி அறையில் ஆயுதத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. 'சும்மா அஞ்சு செகண்ட்' என்று நாங்கள் ஓட்டியபோது கழன்ற ஒரு திருகு மரக்கதவில் பாதி வரை இறங்கிவிட்டது. இடுக்கி போட்டு இழுத்தும் வரவில்லை.