கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால் திருந்திவிடுவானா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு வயது 16. நண்பர்களோடு சேர்ந்து இருசக்கர வாகனம் திருடிய வழக்கில் பிடிபட்டு, மதுரையில் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ‘கொஞ்ச நாள் உள்ளே கிடந்தால்தான் புத்தி வரும், ஜாமீன் கேட்க வேண்டாம்’ என்கிறார் அவன் அப்பா. இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேலூர்

பதில்: தகப்பனாரின் கோபமும் அவமானமும் புரிகின்றன, ஆனால் அவருடைய முடிவு தவறானது. கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணை முடியும்வரை சிறுவர்களைத் தங்கவைக்கும் இடம். குற்றம் உறுதியான பிறகு, தேவையென்று, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் கருதினால்தான் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவார்கள். அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கெட்ட சகவாசத்தில் மீண்டும் சிக்குவான், அவனுக்கே ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தாலொழிய, பிணை தரப்பட வேண்டும் என்பதே அதன் விதி. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

இல்லங்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. படிப்பை விட்ட பையனுக்குப் பாடமும் தொழிலும் சொல்லித்தர ஆள் இருந்து, மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரும் இருந்தால் அங்கே நல்லது நடக்கும். அவர்கள் இல்லாத இடத்தில், தன்னைவிடப் பெரிய வழக்கில் வந்தவனிடமிருந்துதான் அவன் கற்றுக்கொள்வான். செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்ததையடுத்து, இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைக்க வேண்டியிருந்தது என்பதையும் உங்கள் அக்கா கணவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். பள்ளியை எப்போது விட்டான், இரவில் எங்கே தங்குகிறான், குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பார். பல வீடுகளில் ‘எங்க புள்ள தங்கம் சார், கூடச் சேந்தவய்ங்கதான் கெடுத்துட்டாய்ங்க’ என்று முடித்துவிடுகிறார்கள். அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவனுக்கு என்ன தேவை என்பதைக் குழுமம் அவருடைய அறிக்கையைக் கொண்டுதான் எடைபோடும்.

இந்த வழக்கால் எதிர்காலத்தில் அரசு வேலை கிடைக்காதோ என்ற பயமும் வேண்டாம். குழுமமே விசாரித்து முடிக்கும் வழக்கினால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்று சட்டம் உறுதியளிக்கிறது.

பிணையிலோ நன்னடத்தையின் பேரிலோ விடும்போது, பெற்றோரிடம் மட்டுமன்றித் தகுதியான வேறொருவர் பொறுப்பிலும் சிறுவனை ஒப்படைக்கக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. தகப்பனார் மனம் மாறாவிட்டால், தாய்மாமனாகிய நீங்கள் அடுத்த அமர்வுக்கே சென்று, அவனை எந்தப் பள்ளியில் அல்லது எந்தப் பட்டறையில் சேர்க்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்து, பொறுப்பேற்க முன்வாருங்கள்.