ஒப்பந்தம் எழுதாமல் கொடுத்த சிறுகதை: உரிமை யாருக்கு?

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் என் சிறுகதையை வெளியிட்டது. ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. இப்போது அதைத் தங்கள் தொகுப்பு நூலில் சேர்க்கப்போகிறார்களாம். கேட்டால், ‘இதழில் வந்ததுமே உரிமை எங்களுக்கு வந்துவிட்டது’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. கையில் காகிதம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ‘சரி சார், போட்டுக்கொள்ளுங்கள்’ என்றது இந்தக் கணக்கில் வராது.

அதற்காக, இதழில் கதை வந்ததையே குற்றமாகச் சொல்ல முடியாது. நீங்களாக அனுப்பினீர்கள், அவர்கள் போட்டார்கள். நம் ஊரில் தோப்பைப் பாட்டத்துக்கு விடுவதுபோலத்தான்: தேங்காய் வெட்டிக்கொள்ளலாம், பட்டாவைக் கேட்க முடியாது. தொகுப்பு நூல், மின்னூல், ஒலிநூல், மலையாள மொழிபெயர்ப்பு எல்லாம் தனித்தனி உரிமைகள். திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருப்பதால் மொழிபெயர்ப்பு நமக்கு ஏட்டளவில் நிற்கிற விஷயமும் அல்ல.

தக்கலையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தார். கணவன் விடியற்காலையில் வெட்டுக்குக் கிளம்பிப் போகிறான். மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். அத்தோடு கதை முடிந்துவிடும். இதழில் வந்து நெடுநாள் கழித்து, அதே கதையை ஒரு யூடியூப் சேனலில் முழுதாக வாசித்திருந்தார்கள். அக்காவின் பெயரைச் சொன்னார்கள், அதுவரை சரி. ஆனால் கடைசியில் அந்த மனைவி கதவைத் திறந்து, கணவனைக் கூப்பிட்டு, கட்டன் சாயா போட்டுக் கொடுக்கிறாள்! பின்னணியில் புல்லாங்குழல் வேறு. இதழாசிரியரைக் கேட்டதற்கு, ‘நாங்கள்தான் அனுமதி கொடுத்தோம், உங்களுக்கும் விளம்பரம்தானே அம்மா’ என்றார்.

இல்லாத உரிமையில் கொடுத்த அனுமதி அது. முடிவை மாற்றியது அதைவிட மோசம். உரிமையையே விற்றிருந்தாலும், படைப்பாளியின் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்கிறது 57ஆம் பிரிவு. ‘படைப்புகளைத் திருத்தவும் சுருக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு’ என்று இதழின் முதல் பக்கத்தில் அச்சடிக்கிறார்களே, அந்த வரியை யூடியூப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அக்கா சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்; காணொளி போய்விட்டது. பணம் எதுவும் வரவில்லை.

ஒன்றும் எழுதாமல் இருப்பதைவிட, படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து என்பேன். ‘இது என் சொந்தக் கற்பனை, வேறு இதழுக்கு அனுப்பவில்லை’ என்ற உறுதிமொழிப் படிவத்தின் அடியில், ‘அனைத்து உரிமைகளையும் இதழுக்கு வழங்குகிறேன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். அப்படிக் கையெழுத்திட்டிருந்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான். நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உங்கள் பழைய மின்னஞ்சல்களில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் இப்படி எழுதுங்கள்: ‘இந்தக் கதையை உங்கள் இதழில் ஒரு முறை வெளியிட மட்டுமே கொடுத்தேன். பதிப்புரிமை என்னுடையது. தொகுப்பில் சேர்ப்பதானால் முதல் பதிப்புக்கு மட்டும் அனுமதி தருகிறேன். சன்மானம் எவ்வளவு, எனக்குத் தரும் பிரதிகள் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு இதில் அடங்காது.’ வாட்ஸாப்பில் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்புங்கள், பின்னால் தேடி எடுக்க வசதி. சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை மாற்றிக் கொடுக்காத இப்படிப்பட்ட அனுமதிக்குக் கையொப்பம்கூடத் தேவையில்லை. எழுத்தில் இருந்தால் போதும்.

சிற்றிதழ்க்காரர்கள் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு நடத்துகிறவர்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். சன்மானம் இல்லையென்று சொன்னால் பிரதிகளை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், உரிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கப்போவது அது.

பதிலே போடாமல் நூலை அச்சிட்டுவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். வழக்கு வரை போனாலும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 62ஆம் பிரிவுப்படி, வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். உங்களுக்கு அது நாகர்கோவில். ஒரே ஒரு கதைக்காக அந்தப் படி ஏறச் சொல்வேனா என்றால், சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தொடுக்க முடியும் என்பதை நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.