காஃபீன் கூடாது, ஆனால் டீ வேண்டும்: கேள்வி பதில்

தேயிலை சுவை பார்ப்பது என் தொழிலாக இருந்தது. ஒரு நாளைக்கு நூறு கோப்பைக்கு மேல் உறிஞ்சித் துப்பியிருக்கிறேன். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். இதயம் தாளம் தப்பத் தொடங்கியதும் மருத்துவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒன்பது வருடமாகக் காஃபீன் இல்லாமல்தான் ஓடுகிறது. கேளுங்கள்.

ஆறு டீக்காரர்: மேடம், தினமும் ஆறு பால் டீ குடிச்சவன். இப்ப நிறுத்தச் சொல்லிட்டாங்க. மூலிகை டீ எதைக் குடிச்சாலும் வெந்நீரில் இலை விழுந்த மாதிரிதான் இருக்கு. என்ன பண்றது?

முதலில் எதை இழந்தீர்கள் என்று கண்டுபிடியுங்கள். "டீ மாதிரி" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. டீயில் நாக்கைப் பிடிப்பது துவர்ப்பு. அதற்கு அடியில் லேசான கசப்பு, அப்புறம் சாயமும் திடமும். பாலில் உள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு அதை மிருதுவாக்குகிறது. பால் டீயின் சுகமே இந்தச் சண்டையும் சமாதானமும்தான். கெமோமைலிலும் எலுமிச்சைப் புல்லிலும் சண்டை போட ஆளே இல்லை. பால் ஊற்றினால் பால்தான் ஜெயிக்கும்.

உங்களுக்கு மூன்று பொருள் வேண்டும். முதலாவது ரூய்போஸ். தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு பயறுக் குடும்பச் செடி. டீயைப் போலவே நொறுக்கி, காற்றுப்பட விட்டுச் சிவக்க வைப்பார்கள். காஃபீன் அறவே கிடையாது. பாக்கெட்டில் போட்டிருப்பதுபோல ஐந்து நிமிடம் ஊறவைத்தால் ஏமாந்துபோவீர்கள். டீத்தூள் போடும் அளவுக்கு இரண்டு மடங்கு போட்டு, பத்து நிமிடம் அடுப்பிலேயே கொதிக்க விடுங்கள். டீயை இப்படிக் கொதிக்கவிட்டால் வாயில் வைக்க முடியாது. ரூய்போஸில் டானின் குறைவு, எவ்வளவு கொதித்தாலும் கடுக்காது.

டானின் குறைவு என்பதால் துவர்ப்பும் குறைவு. அதற்கு ராஸ்பெர்ரி இலை. பழம் இல்லை, இலை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் சுமாரான கறுப்பு டீ என்றுதான் நினைப்பீர்கள். மூன்றாவது வறுத்த சிக்கரி, கசப்புக்கும் சாயத்துக்கும். மூன்று பங்கு ரூய்போஸ், ஒரு பங்கு ராஸ்பெர்ரி இலை, சிக்கரி ஒரு சிட்டிகை. சிட்டிகைக்கு மேல் போனால் காபிப் பக்கம் சாய்ந்துவிடும். பாலைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி.

ஆறு டீயை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள்.

தூக்கம் வராதவர்: கிரீன் டீ குடிக்கலாமா?

கூடாது. கிரீன், வெள்ளை, ஊலாங், கறுப்பு எல்லாம் ஒரே செடியின் இலை. பதப்படுத்தும் விதம்தான் வேறு.

நிறைமாதக்காரி: அக்கா, ஏழாம் மாசம். ஒரு டீகூடக் குடிக்கக் கூடாதா?

கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் என்பதுதான் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சொல்லும் வரம்பு. ஒரு கோப்பைக் கறுப்பு டீயில் சுமார் 40 முதல் 50. உங்கள் மருத்துவர் முழுக்கத் தடுத்திருந்தால் அவர் சொல்வதே கணக்கு. மேலே சொன்ன ராஸ்பெர்ரி இலையை அவரிடம் கேட்காமல் தொடாதீர்கள் அம்மா, அதிமதுரம் உள்ள எதையும் விட்டுவிடுங்கள். ரூய்போஸ் மட்டும் போதும்.

சிவப்புக் கோப்பை: செம்பருத்தி டீயில் பால் ஊற்றினேன், திரிந்துவிட்டது. பால் கெட்டிருந்ததா?

பால்மேல் குற்றமில்லை. பானத்துக்குப் பயன்படுத்துவது புளிப்பான செம்பருத்தி வகை. எலுமிச்சை பிழிந்த பாலுக்கு ஆனதுதான் இதற்கும் ஆகும். ஆறவைத்துத் தேன் கலந்து குடியுங்கள். இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கவும்.

இலை ரசிகர்: வெள்ளை டீ மென்மையானதாச்சே, அதில் காஃபீன் இருக்காதே?

சுவைதான் மென்மை. காஃபீன் இருக்கிறது. இளந்துளிரில் குறைவு என்று நினைக்காதீர்கள், அங்கேதான் செடி அதிகம் சேர்த்துவைக்கிறது. பூச்சிக்கு எதிரான ஆயுதம் அது.

பழைய கை: எதற்கு இத்தனை சுற்று? டீயை முப்பது வினாடி வெந்நீரில் போட்டு, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபீன் போய்விடும். இருபது வருடமாக இதுதான் செய்கிறேன்.

இது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகாது ஐயா. முப்பது வினாடியில் வெளியேறுவது சிறு பங்கு. பெரும்பகுதி வெளியேறப் பல நிமிடம் ஆகும். அதற்குள் வாசனை, துவர்ப்பு, நிறம் எல்லாம் சேர்ந்து வடிந்துவிடும். காஃபீன் போன டீ கிடைக்காது, டீ போன இலைதான் கிடைக்கும்.

பழைய கை: நான் படுத்தவுடன் தூங்குகிறேனே?

காஃபீனைச் சிதைப்பது ஈரல். உங்களுடையது வேகமானதாக இருக்கலாம். காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணிநேரம். சிலருக்கு இதைவிடச் சீக்கிரம், சிலருக்கு இரண்டு மடங்கு. புகை பிடிப்பவர்களுக்கு வேகமாகக் குறையும், கர்ப்பிணிகளுக்கு மிக மெதுவாக. நீங்கள் தூங்குவது உங்கள் உடம்புக்குச் சாட்சி, கொட்டிய தண்ணீருக்கு அல்ல.

வேதியியல் மாணவி: ஆனால் காஃபீன் வெந்நீரில் நன்றாகக் கரையுமே மேடம்?

நல்ல கேள்வி. 100 மில்லி கொதிநீரில் 60 கிராமுக்கு மேல் கரையும். ஆனால் அது கையில் தூளாக இருக்கும்போது. இலையில் அது செல்லுக்குள் அடைந்து கிடக்கிறது. காய்ந்து சுருண்ட இலை தண்ணீர் குடித்து விரிய வேண்டும், பிறகு காஃபீன் ஊடுருவி வெளியே வரவேண்டும். கரைவதற்கல்ல, வெளியே வருவதற்குத்தான் நேரம்.

பழைய கை: அப்படியென்றால் பொடி டீத்தூளுக்கு என் முறை சரிதானே?

பொடியில் இன்னும் வேகமாக வரும், ஒத்துக்கொள்கிறேன். நிறமும் அதே வேகத்தில் வரும். மிச்சத்தைக் குடித்துப் பாருங்கள். உங்களுக்குக் காஃபீன் ஒத்துக்கொள்கிறது, தாராளமாகக் குடியுங்கள். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு இதைச் சொல்லாதீர்கள். இத்தோடு இதை முடிக்கிறேன்.

படித்தவர்: டீயில் இருப்பது தீயின்தானே? காஃபீன் இல்லையே?

1827இல் டீயிலிருந்து பிரித்தெடுத்தபோது புதுப் பொருள் என்று நினைத்து அப்படிப் பெயர் வைத்தார்கள். பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. பெயர் மட்டும் சாகவில்லை.

பச்சைப் பொடி: மாட்ச்சா குடிக்கலாமா?

இலையையே அரைத்து விழுங்குகிறீர்கள். கிரீன் டீ பதிலைப் பார்க்கவும்.

லித்தியம் எடுப்பவர்: லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். காஃபீனை நாளையே நிறுத்தலாம் என்றிருக்கிறேன்.

நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வேகமாக வெளியேற்றும். திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் ஏறலாம். அது விளையாட்டில்லை. எந்த டீ என்பதை அப்புறம் பேசுவோம்.

நெஞ்செரிச்சல்: புதினா டீ நல்லதாமே?

வயிற்று உப்புசத்துக்குப் பரவாயில்லை. நெஞ்செரிச்சலுக்கு வேண்டாம், உணவுக்குழாயின் கீழ் மூடியைத் தளர்த்திவிடும். வறுத்த பார்லி குடியுங்கள். கோதுமைப் புரதம் ஆகாதவர்களுக்கு மட்டும் பார்லியும் ஆகாது.

பாக்கெட் வாங்கியவர்: "மூலிகை" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். யெர்பா மாட்டே, குவாரானா, குவாயூசா எல்லாம் மூலிகைதான், எல்லாவற்றிலும் காஃபீன் உண்டு. கோகோ தோல் கலந்தாலும் கொஞ்சம் வரும். சர்க்கரை இல்லாமல் இனிக்கிறதா? அதிமதுரமாக இருக்கலாம். தினமும் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தலைவலி மாத்திரையின் பின்பக்கத்தையும் படியுங்கள், சிலவற்றில் காஃபீன் சேர்த்திருப்பார்கள்.

கேள்விக்காரி: காஃபீன் நீக்கிய டீகாஃப் டீ?

பூஜ்யம் இல்லை. கோப்பைக்கு 2 முதல் 5 மில்லிகிராம். பெரும்பாலானவர்களுக்குப் போதும். எனக்கு ஒன்று போதும், இரண்டு ஆகாது.

மூடுபனி: ஜப்பானில் வறுத்த கிரீன் டீ இருக்கிறதே, ஹோஜிச்சா, அதில்...

குறைவு. இல்லாமல் இல்லை. கிரீன் டீ பற்றி இன்று இதுதான் கடைசி.

ஆறு டீக்காரர்: மேடம், நீங்க சொன்னபடி கலந்து கொதிக்க வெச்சேன். துவர்ப்பு வந்துடுச்சு! ஆனா நேத்திலிருந்து மண்டை பிளக்குது. சிக்கரி ஒத்துக்கலையா?

ஒரேயடியாக நிறுத்திவிட்டீர்கள், அப்படித்தானே? இது காஃபீனை நிறுத்தியதால் வரும் தலைவலி. கடைசி டீக்குப் பிறகு 12 முதல் 24 மணிநேரத்தில் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள்வரைகூட இருக்கும். சிக்கரிமேல் பழி போடாதீர்கள். அடியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா, குறைத்து நிறுத்தினால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குறைக்கலாம் என்றால் நாளைக் காலையில் ஒரு அரை டீ குடியுங்கள்.