ராட்டர்டாம் நிதிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: மானாவாரி விவசாயக் குடும்பத்தைப் பற்றிய முழுநீளத் திரைக்கதையை எழுதி வருகிறேன். நெதர்லாந்தில் நடக்கும் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹ்யூபர்ட் பால்ஸ் நிதி எனக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1988-இல் தொடங்கிய இந்த நிதி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்கானது. திரைக்கதை நிலையிலேயே கைகொடுப்பதுதான் இதன் பெரிய பலம். குறும்படம் எடுபடாது. தொகை, கடைசித் தேதி எல்லாம் அந்தந்தச் சுற்றின் அறிவிப்பில் இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது இயக்குநர் குறிப்பில், அதாவது படத்தை எப்படி எடுக்கப்போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியில். 'கிராமத்து வாழ்வின் வலியைச் சொல்கிறேன்' என்ற வரி தேர்வுக்குழுவுக்கு ஒன்றையும் காட்டாது. கதை எந்த மாதத்தில் நடக்கிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, கேமரா சிறுமியின் கண் உயரத்திலா, தூரத்து வரப்பிலா, வசனம் எந்த வட்டாரப் பேச்சு என்பதை எழுதுங்கள். ஒரே பக்கம் போதும்.

பட்ஜெட்டில் அடுத்த சறுக்கல். திரைக்கதை வளர்ச்சிக்கான பணத்தில் கேமரா வாடகையைச் சேர்க்காதீர்கள். கள ஆய்வு, ஆலோசகர், மொழிபெயர்ப்பு, லொகேஷன் தேடல் போதும்.

படம் முடிந்ததும் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். உலக முதல் திரையிடல் கேட்கும் திரைப்பட விழாப் போட்டிப் பிரிவுகள் அப்போதே கதவைச் சாத்திவிடும்.