தென்சீனாவின் உள்நாட்டு ஊர்களில் மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?

ஷாங்காய், ஷென்சென் வேண்டாம், உள்ளே ஒரு சாதாரண ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ரோங்ஜியாங். குய்சோ மாகாணத்தின் தென்கிழக்கில், அண்டைப் பகுதியான குவாங்ஷியின் எல்லைக்கு அருகே உள்ள ஒரு கவுன்ட்டியின் தலைமையிடம். நம் தாலுகா தலைநகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் அதைவிட நிறைய.

குய்சோவில் மூன்று லி (ஒரு லி சுமார் அரை கிலோமீட்டர்) தூரத்துக்குச் சமநிலம் பார்க்க முடியாது என்று சீனாவில் ஒரு பழைய சொலவடை உண்டு. ரோங்ஜியாங் அதற்கு விதிவிலக்கு. தூலியு ஆற்றோடு இரண்டு சிற்றாறுகள் வந்து சேரும் இடம் இது. மலைகளுக்கு நடுவே வண்டல் படிந்து சமவெளியாகிவிட்டது. ஊருக்கு வடக்கே சேஜியாங் வயல்வெளி மட்டும் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது.

தூலியு குவாங்ஷிக்குள் இறங்கி, கடைசியில் தெற்குக் கடலோர மாகாணமான குவாங்டாங் வழியாகக் கடலுக்குப் போகும் முத்தாற்றில் (Pearl River) கலக்கிறது. சாலை இல்லாத காலத்தில் அதுதான் பாதை. 18ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு இந்த மலைநாட்டைப் படையெடுத்துப் பிடித்தபின், குவாங்டாங்கிலிருந்து உப்பும் துணியும் படகேறி வந்தன. இங்கிருந்து ஃபர் என்னும் ஊசியிலை மரங்கள் தெப்பமாக மிதந்து போயின. மாகாணத் தலைநகரான குய்யாங்கைவிட குவாங்டாங்தான் இந்த ஊருக்கு நெருக்கம் என்று எனக்குத் தோன்றக் காரணம் இதுதான்.

இன்றைக்கும் அப்படித்தான். கவுன்ட்டியின் மக்கள்தொகை சுமார் 3.85 லட்சம், பெரும்பாலோர் மியாவ், தோங், ஷுய், யாவ் இனத்தவர். வேலை செய்யும் வயதினரில் பலர் குவாங்டாங் தொழிற்சாலைகளில். பிள்ளைகளை வளர்ப்பது தாத்தா பாட்டி. ஊரில் புதுசாக எழும்பும் மாடி வீடு, கீழே ஒரு கடை, இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான். உள்ளூரில் நெல், தர்பூசணி, பேஷன் ஃப்ரூட், மரம், சின்ன ரகக் கோழி என்று விவசாயம் உண்டு. பெரிய ஆலை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆசிரியர், அலுவலர் சம்பளத்துக்கு மேலிருந்து வரும் நிதிதான் பெரிய தாங்கல். குய்சோவில் வறுமைப் பட்டியலிலிருந்து கடைசியாக நீக்கப்பட்ட ஒன்பது கவுன்ட்டிகளில் இதுவும் ஒன்று, 2020 நவம்பரில்.

2014 இறுதியில் குய்யாங் - குவாங்சோ அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. குவாங்டாங்கின் தலைநகரான குவாங்சோ சுமார் நான்கு மணி நேரப் பயணமாகச் சுருங்கிவிட்டது. ஊருக்கு ஆள் வரவும் வசதி, ஊரைவிட்டு ஆள் போகவும் வசதி. எது அதிகம் நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் 2023 மே மாதம் கிராம சூப்பர் லீக் வந்தது. கொத்தனார், லாரி ஓட்டுநர், காலையில் அரிசிமாவுச் சுருள் விற்பவர் எல்லாம் தங்கள் கிராமத்துக்காகக் கால்பந்து ஆடினார்கள். நுழைவுச் சீட்டு கிடையாது, பரிசு மாடும் பன்றியும். கைபேசி வீடியோக்களில் பரவி நாடே பார்த்தது. அந்த வருடம் எழுபது லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்ததாக கவுன்ட்டி அரசு சொல்கிறது. இந்த மாதிரிக் கணக்குகளை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிப்பேன். ஆனாலும் விடுதி, உணவுக்கடை, துணிக்கு அவுரிச் சாயம் போடுபவர் கையில் காசு புரண்டது உண்மை. அதற்காகக் குவாங்டாங் போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சனிக்கிழமை ஆட்டம் ஒரு கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம் ஆகாது.

ஆறு கொடுத்த சமவெளிக்கு ஆறே வந்து வாடகை கேட்கவும் செய்கிறது. 2025 ஜூன் 24 அன்று மேலே பெய்த மழையெல்லாம் ஒரே நேரத்தில் இந்தக் கூடலுக்கு வந்து ஊரின் தாழ்ந்த பகுதிகள் முழுகின. ஆறு பேர் இறந்தார்கள். கால்பந்து மைதானமும் தண்ணீருக்குள். சேறு வாரி முடிப்பதற்குள், நான்கே நாளில், மறுபடி வெள்ளம். உயரமான இடத்துக்குக் கடையை மாற்றலாம்தான், ஆனால் அங்கே சமநிலம் எங்கே இருக்கிறது?